மீதி இரண்டு கிலோ

என் தம்பியின் எடையை நான் ஒரு கோயில் ரசீதிலிருந்து எடுத்தேன். இருபத்தாறு வருஷமாகப் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் நடத்துகிறவள் நான். அளக்கும் கருவியை நம்பாதே, முதலில் அதைச் சரிபார் என்று வருஷா வருஷம் தொண்டை கிழியக் கத்துகிறவள். லேபில் ஒரு மைக்ரோமீட்டரைத் துடைக்காமல் எடுத்தாலே வெளியே போ என்பேன். அப்பேர்ப்பட்ட சீதா டீச்சர், சாமி தராசு என்றதும் வாயைப் பொத்திக்கொண்டு அந்த எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டாள். நினைக்கும்போதெல்லாம் என்மேல் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

மஹேஷ் என்னைவிட எட்டு வயது இளையவன். நாற்பத்து நான்கு. செக்ரட்டேரியட்டில் செக்‌ஷன் ஆபீசர். மலையாள நாட்டுத் தலைநகரில், தமிழ்க் குடும்பங்கள் இருக்கும் வலியசாலையில் எங்கள் வீட்டு மாடியில் நான் தனிக்கட்டையாக இருக்கிறேன். கீழே அவனும் அவன் மனைவி பத்மஜாவும். அவர்களுக்குக் குழந்தை இல்லை. போன வருஷம் அவன் வயிற்றில் கட்டி என்றார்கள். ஆபரேஷன், அப்புறம் ஆறு மாதம் கீமோ. எழுபது கிலோ இருந்தவன் ஐம்பத்தைந்துக்கு வந்து, மெல்ல மெல்ல அறுபத்தொன்றுக்கு ஏறினான். அந்த அறுபத்தொன்றைக் குறித்துக்கொண்டு டாக்டர் ஒரே விஷயத்தைத்தான் அழுத்திச் சொன்னார். இனி எடை குறையக் கூடாது. குறைந்தால் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே ஸ்கேனுக்கு வந்துவிட வேண்டும்.

வீட்டில் இருந்த எடை மெஷின் இப்போது கிடையாது. கீமோ காலத்தில் தினமும் காலையில் அவன் அதில் ஏறி நிற்பான், முள் எங்கே நிற்கிறது என்று நாங்கள் இரண்டு பேரும் குனிந்து பார்ப்போம், அன்றைய சாப்பாடு அதோடு போய்விடும். ஒருநாள் பத்மஜா அதைத் தூக்கி, பழைய இரும்பு வாங்க வந்த ஆக்ரிக்கடைக்காரனின் சாக்கில் போட்டாள். "இனிமே இந்தாத்துல எடைப் பேச்சே வேண்டாம்" என்றாள். எங்களுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

ஜனவரியில் மஹேஷ் ஆபீசிலிருந்து ஒரு நோட்டீசோடு வந்தான். வித்துராவுக்கு மேலே ஒரு எஸ்டேட்டின் சொந்த ரோட்டில் ஒரு மோட்டார் கிளப் நடத்தும் பந்தயம். எஞ்சின் கூடாது, மிதிக்கக் கூடாது. மலைச் சரிவில் தானாக உருண்டு வரவேண்டும். இரண்டே கால் கிலோமீட்டர், ஏழு வளைவு. வண்டி வீட்டில் செய்ததாக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று சக்கரம். ஓட்டுகிறவனையும் சேர்த்து நூற்றெழுபது கிலோவுக்கு மேல் போகக் கூடாது.

"ப்ராந்தா ஒனக்கு, பைத்தியமா?" என்றேன்.

"ஒரு வருஷமா என்னை எல்லாரும் தள்ளிண்டே போறா அக்கா. ஸ்ட்ரெச்சர்ல ஒருத்தன், வீல்சேர்ல ஒருத்தன். நானே ஸ்டீயரிங்கைப் பிடிச்சு ஒரு தடவை இறங்கணும். ஒரே ஒரு தடவை. அப்பறம் நீங்க ரெண்டு பேரும் சொல்றதையெல்லாம் கேக்கறேன்."

டாக்டரிடம் கேட்டோம். உடம்பு தேறிக்கொண்டே இருந்தால் ஆட்சேபணை இல்லை என்றார். பத்மஜா அதையே நிபந்தனையாக்கினாள். எடை குறைந்ததாகத் தெரிந்தால் பந்தயம் கிடையாது, ஆஸ்பத்திரிதான். மஹேஷ் தலையாட்டினான்.

நான் மூன்றே நாளில் வண்டிக்குள் விழுந்துவிட்டேன். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருஷம் அடுத்தவன் போட்ட படத்தைப் போர்டில் போட்டுக் காட்டியவளுக்கு, தன் படத்தின்படி ஒரு வண்டி உருள்வதைப் பார்க்கும் ஆசை இல்லாமல் இருக்குமா? தம்பிக்காக என்று சொல்லிக்கொண்டேன். பாதிதான் தம்பிக்காக.

வெல்டிங்குக்கு வேலாயுதனைப் பிடித்தேன். கரமனையில் ஷெட் வைத்திருக்கிறார். பாறசாலைப் பக்கத்து ஆள், ஐம்பது தாண்டியவர், எங்கள் காலேஜுக்கு கேட், கிரில், லேப் ஸ்டாண்டு எல்லாம் அவர் கைவேலைதான். முதல் நாளே இரண்டு பேருக்கும் சண்டை.

"ஆட்டோ போலே முன்னாலே ஒண்ணு, பின்னாலே ரெண்டு. அதல்லோ நமக்குப் பழக்கம்?" என்றார்.

"ஆட்டோ வளைவுல எந்தப் பக்கம் கவுறும்? முன்னாடி மூலைக்குத்தானே? இது பிரேக் போட்டுண்டே வளையற வண்டி. கனம் பூரா முன்னாலே தள்ளும். முன்னாலே ரெண்டு வேணும், பின்னாலே ஒண்ணு போதும்."

அவர் பீடியை அணைத்துவிட்டு, தரையில் சாக்பீஸால் நான் போட்ட முக்கோணத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். "டீச்சர் சொன்னா ஷரி" என்றார். அதற்குமேல் ஒரு நாளும் என் படத்தில் அவர் அரை மில்லி தப்பு பண்ணியதில்லை. முன்சக்கரங்களின் அச்சை எந்தச் சாய்வில் ஒட்ட வேண்டும் என்று நான் கோணமானியை எடுப்பதற்குள் கண்ணால் பார்த்து ஒட்டி வைத்திருப்பார். அளந்து பார்த்தால் சரியாக இருக்கும். எனக்கு எரிச்சலாகக்கூட வரும்.

சக்கரங்கள் சின்னப் பிள்ளைகள் ஓட்டும் சைக்கிளின் சக்கரங்கள், இருபது இஞ்சு. உடம்பு சதுரக் குழாய். ஓட்டுகிறவன் கால் நீட்டிச் சாய்ந்து, தரையிலிருந்து நாலு விரற்கடை உயரத்தில் உட்கார வேண்டும். சீட்டை மஹேஷின் இடுப்பை அளந்து அதற்கென்றே செய்தோம், வளைவில் உடம்பு பக்கவாட்டில் நகரக் கூடாது என்பதால். அவன்தான் பெயர் வைத்தான், முக்காலி என்று.

பிப்ரவரியில் சீட்டில் உட்காரவைத்துப் பார்த்தபோது இரண்டு பக்கமும் இடைவெளி இருந்தது. "அளவு தப்பிடுத்தே வேலாயுதன்" என்றேன். அவர் சீட்டை மறுபடி அளந்துவிட்டு டேப்பைச் சுருட்டினார். அரை இஞ்சு ஸ்பாஞ்ச் ஒட்டினேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி ஆடியது. இன்னொரு அரை இஞ்சு ஒட்டினேன். என்னைப் போன்ற மடச்சி இந்த ஊரில் உண்டா? தகரமும் குழாயும் அகன்றுபோகுமா? சீட் அகலவில்லை, அவன் சுருங்கிக்கொண்டிருந்தான். நான் பசை காய்ந்ததா என்று விரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பந்தயத்தில் கனம்தான் வேகம். காற்றைப் பிளந்துகொண்டு இறங்க எடை வேண்டும். நூற்றெழுபது வரை அனுமதி என்றால் ஒரு கிலோகூடக் குறையக் கூடாது. முக்காலி எழுபது கிலோ. ஆக்ரிக்கடைத் தராசில் ஒரு தடவை, காலேஜில் ஒரு தடவை நிறுத்துப் பார்த்தாயிற்று. ஹெல்மெட், ஜாக்கெட், ஷூ மூன்று கிலோ. மஹேஷின் எடை போக மீதிக்கு ஈயத்தை அடித்தட்டில் முடுக்கிவிட்டால் கனமும் கிடைக்கும், அது தரையை ஒட்டியும் இருக்கும். டயர் கடைகளில் வீல் பேலன்ஸ் பண்ணிக் கழற்றிப்போட்ட ஈயத் துண்டுகளை வாங்கி உருக்கி, அரைக் கிலோ அரைக் கிலோவாக எண்பது பட்டைக் கட்டிகள் வார்த்தோம். ஒவ்வொன்றின் நடுவிலும் போல்டுக்கு ஒரு துளை. வேலாயுதனின் ஷெட்டில் ஒரு மரப்பெட்டியில் அடுக்கி வைத்தேன்.

பாக்கி ஒரே எண்தான், மஹேஷ் எத்தனை கிலோ என்பது. ஆக்ரிக்கடையில் ஏறி நில்லுடா என்றால் சிரித்து மழுப்பினான். பத்மஜா குறுக்கே வந்தாள். ஆபரேஷன் நல்லபடி முடிந்தால் வெல்லத்தில் துலாபாரம் என்று ஒரு கிருஷ்ணன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள், அதற்கு நாள் குறித்தாகிவிட்டது. "பகவான் தராசுல நிறுக்கப் போற உடம்பை ஆக்ரிக்கடைத் தராசுல ஏத்துவாளா அக்கா? ரசீதுல எழுதித் தருவா, அதை வச்சுக்கோங்கோ" என்றாள். நானும் சரி என்றேன். படித்த எங்களைப் போன்றவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய புத்தி இது. எழுபது கிலோ இரும்பை இரண்டு இடத்தில் நிறுத்துப் பார்த்தவள், மனுஷனை ஓரிடத்தில்கூட நிறுக்கவில்லை.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் துலாபாரம். மஹேஷ் குளித்து, சட்டையில்லாமல், முண்டின்மேல் மேல்முண்டை இரண்டு சுற்று இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தான். ஆபரேஷன் தழும்பு வெளியே தெரிய வேண்டாம் என்று கட்டியிருப்பான் என நினைத்தேன். நிமிர்ந்து, நிதானமாக, ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தான். பக்தி என்று நினைத்தேன். தட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்ததும் எதிர்த்தட்டில் வெல்லக் கட்டிகளை அடுக்க ஆரம்பித்தார்கள். சங்கிலி கிறீச்சிட்டு அவன் தட்டு மேலே எழும்பியபோது பத்மஜா என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள்.

அறுபத்து நான்கு கிலோ. மூன்று கிலோ ஏறியிருக்கிறான். பத்மஜா நடையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். நான் அழவில்லை, மனசுக்குள் கழித்துக்கொண்டிருந்தேன். நூற்றெழுபதில் எழுபது, மூன்று, அறுபத்து நான்கு போனால் முப்பத்து மூன்று. அறுபத்தாறு கட்டி போதும்.

மறுநாள் காலேஜ் விட்டதும் ஷெட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து எண்ணினேன். அறுபத்தெட்டு இருந்தது. மறுபடி எண்ணினேன். அறுபத்தெட்டுதான். பன்னிரண்டு கட்டி, ஆறு கிலோ, காணோம்.

என் தேவைக்கு மேலேயே இரண்டு இருந்தது. அந்தப் பன்னிரண்டு இல்லாவிட்டால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனாலும் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. மஹேஷ் அப்போதுதான் ஆபீசிலிருந்து நேராக வந்து நின்றான், தோளில் பை தொங்கியது. அவன் முன்னாலேயே வேலாயுதனைக் கூப்பிட்டேன்.

"ஷெட் சாவி ஆர் கையில இருக்கு?"

"என் கையிலே."

"பன்னெண்டு கட்டி எங்கே?"

அவர் பெட்டியைப் பார்த்தார். பிறகு மஹேஷைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "நான் எடுக்கல்ல டீச்சரே" என்றார். அவ்வளவுதான்.

"பின்னே எலி எடுத்துண்டு போச்சா? ஈயத்துக்கு ஆக்ரிக்கடையில நல்ல கிராக்கின்னு எனக்குத் தெரியாதா? இத்தனை நாள் நீங்க நீங்கன்னு கூப்பிட்டேனே, ஒனக்கு அந்த மரியாதை தாங்கல்லே."

ஐம்பது வயதுக்காரரை அவர் ஷெட்டிலேயே, அவரிடம் வேலை பார்க்கிற இரண்டு பேர் காதில் விழ, நீ என்றேன். இன்னொரு தடவை மஹேஷைப் பார்த்தார். மஹேஷ் குனிந்து முக்காலியின் முன்சக்கரத்தில் ஒரு நட்டை முடுக்கிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே நான் முடுக்கிய நட்டு அது.

"கொண்டு போங்க வண்டியை" என்றார் வேலாயுதன். அன்றைக்கே ஒரு மினி லாரி பிடித்து முக்காலியைக் காலேஜ் லேபுக்குக் கொண்டுபோனேன். அதோடு விட்டேனா? மறுநாள் காலேஜ் ஆபீசில் ஒரு வார்த்தை போட்டேன். புது ஹாஸ்டலின் ஜன்னல் கிரில் வேலை அவருக்குப் போவதாக இருந்தது, அது வேறு ஆளுக்குப் போனது. நேர்மையாக இருப்பதில் எனக்கு எப்போதுமே ஒரு திமிர் உண்டு.

அடுத்த மூன்று வாரம் பேரிங்குகளைக் கழுவி கிரீஸை எடுத்துவிட்டு லேசான எண்ணெய் விட்டேன். டயரில் காற்றைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன். பிரேக் கேபிளை இரண்டு தடவை மாற்றினேன். மஹேஷ் சாயங்காலங்களில் லேபுக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். முன்பெல்லாம் ஸ்பானரைப் பிடுங்குவான். இப்போது உட்கார்ந்தே இருந்தான். வேலாயுதனைப் பற்றி ஒரே ஒரு தடவை, "அந்த மனுஷன் எடுத்திருக்க மாட்டார் அக்கா" என்றான். "ஒனக்கு எல்லாரும் நல்லவா" என்று வாயை அடைத்தேன்.

பந்தயம் ஏப்ரல் முதல் ஞாயிறு. பத்மஜா வரவில்லை, பார்க்கத் தைரியமில்லை என்றாள். கிளம்பும்போது அவன் நெற்றியில் விபூதி இட்டு, துலாபாரப் பிரசாத வெல்லத்தில் ஒரு துண்டை வாயில் போட்டாள். விடியற்காலையிலேயே வித்துரா தாண்டி எஸ்டேட்டுக்குப் போய்விட்டோம். பத்தொன்பது வண்டிகள் வந்திருந்தன. காலேஜ் பையன்கள், ஐ.டி. கம்பெனிக்காரர்கள், நெடுமங்காட்டிலிருந்து ஒரு மெக்கானிக் கூட்டம். எல்லோரும் முக்காலியைச் சுற்றி வந்து பார்த்தார்கள். வெல்டிங்கைத் தடவிப் பார்த்து யார் செய்தது என்று கேட்டார்கள். நான் ஒரு பெயரும் சொல்லவில்லை.

எட்டரை மணிக்குத் தார்ப்பாய்க்குக் கீழே எடை பார்த்தார்கள். தரையோடு பதித்த மின்சாரத் தராசு. மஹேஷ் ஹெல்மெட் போட்டு உள்ளே சாய்ந்திருக்க, முக்காலியை அதன்மேல் உருட்டினோம். சிவப்பு எண்கள் ஓடி நின்றன. நூற்று அறுபத்திரண்டு.

"சேச்சி, எட்டு கிலோ குறவாணல்லோ" என்றான் கிளப் பையன். "வேணமெங்கில் கூட்டி இடாம், அரை மணிக்கூர் சமயமுண்டு." வேண்டுமானால் எடையைக் கூட்டிக்கொள்ளலாம், அரை மணி நேரம் இருக்கிறது என்கிறான்.

"மெஷின் தப்பா இருக்கும் அக்கா" என்றான் மஹேஷ் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

கையிருப்பில் இருந்த இரண்டு ஈயக் கட்டிகளைத் தராசின் ஓரத்தில் வைத்தேன். நூற்று அறுபத்து மூன்று. எடுத்தேன். நூற்று அறுபத்திரண்டு. தராசு சரியாகத்தான் இருந்தது. கடைசியில் அன்றைக்குத்தான் நான் கருவியைச் சரிபார்த்தேன்.

இரும்பு குறையாது, ஈயம் குறையாது. எழுபது, முப்பத்து மூன்று, மூன்று, ஆக நூற்றாறு. நூற்று அறுபத்திரண்டில் நூற்றாறு போனால் ஐம்பத்தாறு. வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, அந்தப் பையன் என்ன என்று திரும்பிப் பார்த்தான்.

முக்காலியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் எங்கள் காருக்குப் பின்னால் நிறுத்தினேன். "எழுந்திரு" என்றேன். அவன் இரண்டு கையையும் ஊன்றி எழுந்து, ஹெல்மெட்டைக் கழற்றி, காரிலிருந்து தன் ஆபீஸ் பையை எடுத்து என் காலடியில் வைத்தான். திறந்தேன். உள்ளே ஒரு துணி பெல்ட். காடாத் துணியில் பன்னிரண்டு பை வைத்து, பத்மஜாவின் தையல் மெஷினில் அவளுக்குத் தெரியாமல் அவனே நேர்த்தியாகத் தைத்தது. ஒவ்வொரு பையிலும் ஒரு ஈயக் கட்டி.

அறையலாம் என்று கை எழுந்தது. எங்கே அறைவது என்று தெரியவில்லை. கன்னத்தில் எலும்புதான் இருந்தது.

"சாமியையே ஏமாத்தினியேடா!"

"சாமியை இல்லேக்கா, ஒங்க ரெண்டு பேரையும். துலாபாரத்துக்கு முன்னாடியே தம்பானூர் ஸ்டேஷன் எடை மெஷின்ல காசு போட்டு ஏறிப் பார்த்தேன். அம்பத்தெட்டு. சொன்னா அன்னிக்கே ஸ்கேனுக்கு இழுத்துண்டு போயிருப்பேள். திரும்பவும் ஸ்ட்ரெச்சர். ஒரு தடவை இறங்கிட்டு வரேனேன்னுதான்."

"வேலாயுதன்?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "திங்கக்கிழமை திரும்ப வச்சுடலாம்னுதான் பையில கொண்டுவந்தேன். நீ எனக்கு முன்னாடி எண்ணிட்டே. அப்பறம் எப்படிச் சொல்றது?"

ஆறு கிலோ ஈயம் அவன் தோளில் தொங்கிக்கொண்டிருந்தபோதுதான் நான் இன்னொருவரைக் கள்ளன் என்றேன். அவனும் நட்டை முடுக்கிக்கொண்டிருந்தான். அந்த நிமிஷம் என் தம்பியை எனக்குப் பிடிக்கவில்லை. நோயாளி என்று பார்த்தும் பிடிக்கவில்லை.

"இன்னிக்கும் இதைக் கட்டிண்டு நிக்கறதா இருந்தியா?"

"காத்தால கட்டிப் பாத்தேன். தாங்கல்லே. இடுப்பு ரெண்டாப் பிளந்துடும் போல இருந்தது. அவுத்துட்டேன்."

நூற்றெழுபதுக்கு எட்டு குறைகிறது. ஆறு இங்கே பையில் இருக்கிறது. "மீதி ரெண்டு கிலோ எங்கேடா?" என்று கேட்டேன். இதைப்போல ஒரு முட்டாள் கேள்வியை எந்த மாணவனும் என்னிடம் கேட்டதில்லை.

"அது எனக்கும் தெரியாதுக்கா" என்றான். அந்த இரண்டு கிலோ, நான் பேரிங் கழுவிக்கொண்டிருந்த மூன்று வாரத்தில் போனது.

கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். "இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, ஓ.பி. கிடையாது, நாளைக்குத்தான் போகணும், அரை மணி நேரம் குடு அக்கா" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது என்று இப்போதும் சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் நான் செய்தது அதற்கெல்லாம் மேலே. முக்காலியைச் சாய்த்து, பெல்ட்டிலிருந்த பன்னிரண்டு கட்டிகளையும் கையிருப்பில் இருந்த இரண்டையும் அடித்தட்டில் முடுக்கினேன். ஏழு கிலோ. நூற்று அறுபத்தொன்பது. கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, கை பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. பாரம் முன்னும் பின்னும் சரிசமமாக இருக்கும்படி பார்த்துப் பார்த்து முடுக்கினேன்.

மேலே அவர்கள் கொடி அசைத்ததை நான் பார்க்கவில்லை, முன்னாலேயே ஜீப்பில் கீழே வந்துவிட்டேன். கடைசி வளைவில் முக்காலி தலைகாட்டியபோது அதன் மூன்று சக்கரமும் தரையில் பதிந்திருந்தன. ஒரு குலுக்கல் இல்லை, ஒரு வழுக்கல் இல்லை. நான் போட்ட கோட்டில், வேலாயுதன் ஒட்டிய அச்சில், அத்தனை அழகாக வளைந்து வந்தது. மூன்றாவது இடம். வாழ்க்கையில் நான் செய்த ஒரே நல்ல வண்டி அதுதான், எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஹெல்மெட்டைக் கழற்றியபோது மஹேஷ் சிரித்துக்கொண்டிருந்தான். "பாத்தியா அக்கா? ஏழு வளைவும்!" என்றான். எழுந்திருக்க முடியவில்லை. கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினேன். ஐம்பத்திரண்டு வயதில், முட்டிவலிக்காரி, யார் துணையும் இல்லாமல் ஒரு ஆண்பிள்ளையைத் தூக்கி நிறுத்தினேன். யாரும் எனக்கு உதவிக்கு வர வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் ஸ்கேன். திரும்ப வந்திருந்தது, இந்தத் தடவை ஈரலிலும். மூன்று வாரம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டரிடம் கேட்டேன். பேனாவை மூடித் திறந்துகொண்டு, "அப்படியெல்லாம் சொல்ல முடியாது டீச்சர்" என்றார். இல்லை என்று அவர் சொல்லவில்லை.

பத்மஜாவிடம் ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள், என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். "அப்போ பகவானுக்கு ஆறு கிலோ வெல்லம் ஜாஸ்தியாவே குடுத்திருக்கோம். குறை வைக்கல்லே" என்றாள். அடித்திருந்தால் தேவலை.

அந்த வாரக் கடைசியில் பன்னிரண்டு கட்டிகளையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கரமனைக்குப் போனேன். வேலாயுதன் ஒரு கேட்டுக்குக் கம்பி வெட்டிக்கொண்டிருந்தார். வேலைக்கு இருந்த இரண்டு பேரில் ஒருவரைக் காணவில்லை. என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார், உட்காரச் சொல்லவில்லை.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன், உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று. ஆஸ்பத்திரியில் கிடக்கிறவனைக் கள்ளன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "கட்டி எல்லாம் கிடைச்சுடுத்து வேலாயுதன். நான்தான் அன்னிக்குத் தப்பா எண்ணிட்டேன். மன்னிச்சுக்கோங்க" என்றேன். பையை மேசைமேல் வைத்தேன்.

"ரெண்டு தடவை எண்ணினீங்க. டீச்சருக்கு எண்ணத் தெரியாமப் போகுமா?"

அவர் பையைத் திறந்து கட்டிகளைப் பார்த்தார்.

"சனிக்கிழமை சாயங்காலம் சார் எடுத்துப் பையிலே போட்டதை நான் கண்டேன், கேட்டோ. திங்கக்கிழமை திரிச்சு வச்சுடுவேன், அக்கா கிட்டே சொல்லண்டாம்னு சொன்னார். ஆறு கிலோதானே? அந்தப் பையைத் தோளிலே போட சாருக்கு மூணு தடவை மூச்சு வாங்கிச்சு. அந்தா, அந்த ஸ்டூலிலே உக்காந்து வெள்ளம் கேட்டு வாங்கிக் குடிச்சார்." கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "அண்ணைக்கு நீங்க என் முகத்தையே பாத்து ஏசிட்டிருந்தீங்க. ஒரு தடவை திரும்பிச் சார் முகத்தைப் பாத்திருந்தா, அண்ணைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம்."

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா டீச்சரே?"

அவர் மெஷினைப் போட்டார். பொறி பறந்தது, நான் ஒதுங்கி வாசலுக்கு வந்தேன். நம்பியிருக்க மாட்டேன்.